ஸ்கூபா கருவிகளே காயப்படுத்தாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முக்குளிப்புப் பயிற்சி அளித்தும் கருவிகளைப் பழுதுபார்த்தும் வந்த ஆண்டுகளில் ஒரே ஐயங்கள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியதால் இவற்றைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. அடிப்படைப் பயிற்சியை முடித்தவர்களுக்காக எழுதப்பட்டது இது. பயிற்சிக்கு மாற்றாக இதைக் கொள்ளக் கூடாது.

நம்மைக் காப்பாற்றத்தானே இத்தனை கருவிகளை மாட்டிக்கொள்கிறோம், அவையே எப்படிக் காயப்படுத்தும்?

இந்தக் கருவிகளில் சில பெரும் விசையை அடக்கி வைத்திருக்கின்றன. சில, காற்றைச் சிறு இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. சில, வெறுமனே கனமானவை. 11 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது. மாஸ்க், காற்றேற்றி மிதப்பைச் சரிசெய்யும் மிதவைச் சட்டை, நீர் புகாத உடையான டிரைசூட் ஆகியவற்றுக்குள் இருக்கும் காற்றோ ஆழத்துக்கு ஏற்பச் சுருங்கி விரிகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடுவதால், மேற்பரப்பில் 6 லிட்டராக இருந்த காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும் 20 மீட்டரில் 2 லிட்டராகவும் ஆகிவிடும். மேலே வரும்போது அதே கணக்கில் விரியும்.

ஆனால் நல்ல நிலையில் உள்ள கருவி திடீரென உடைந்து ஒருவரைக் காயப்படுத்துவதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். தவறாகப் பொருத்தப்பட்டது, உடம்புக்கு அளவு சேராதது, முன்பே காட்டிய அறிகுறியை யாரும் பொருட்படுத்தாமல் விட்டது என்ற மூன்றில் ஒன்றாகவே காரணம் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையே வெவ்வேறு கருவிகளில் காட்டுபவை.

முக்குளிப்பில் இறப்பவர்கள் பெரும்பாலும் கருவி பழுதாகித்தான் இறக்கிறார்களா?

இல்லை. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 மரணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவுகளில், விபத்தின் தொடக்கப்புள்ளியைக் கண்டறிய முடிந்தவற்றுள் 41 விழுக்காட்டில் காற்று தீர்ந்ததும், 20 விழுக்காட்டில் எங்காவது சிக்கிக்கொண்டதும், 15 விழுக்காட்டில் கருவிக் கோளாறும் தொடக்கமாக இருந்தன. அந்த 15 விழுக்காட்டிலும் கருவியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாததால் வந்த சிக்கல்கள் கலந்திருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மரணத்தில் முடியாத காயங்கள் வேறு. நசுங்கிய விரல், கிழிந்த உதடு, இரத்தம் கட்டிய கண், பிடித்துக்கொண்ட இடுப்பு போன்றவை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

நீரில் இறங்குவதற்கு முன்பே அடிபட்டுக்கொள்கிறார்களே, அது ஏன்?

முழுதாக நிரப்பிய ஓர் அலுமினியச் சிலிண்டர், வால்வுடன் சேர்த்து 16 கிலோவை எட்டும். அதன் அடிப்பகுதி குறுகியது. படகோ எப்போதும் ஆடிக்கொண்டிருப்பது. பிடிக்க ஆளில்லாமல் நிறுத்தி வைத்த சிலிண்டர் விழும்போது யாருடைய கால்விரலிலாவது விழும், அல்லது வால்வின் பக்கமாக விழுந்து, அங்கே பூட்டி அழுத்தத்தைக் குறைக்கும் முதல் நிலையை வளைத்துவிடும். எனவே கையை எடுக்கும் நொடியிலேயே சிலிண்டரைப் படுக்க வைத்துவிட வேண்டும் அல்லது அதற்கான தாங்கியில் கட்டிவிட வேண்டும். “ஒரு நிமிடம்தானே” என்று நிறுத்தி வைத்த சிலிண்டர்கள்தான் விழுகின்றன.

முதுகைப் பொறுத்தவரை, குனிந்து ஒரு கையால் வால்வைப் பிடித்து உடலைத் திருப்பியபடி தூக்குவதே கெடுதல். முழங்காலை மடக்கி, சுமையை உடலுக்கு நெருக்கமாக வைத்து எழ வேண்டும். முழுத் தொகுப்பையும் தரையிலிருந்து தலைக்கு மேலாகச் சுழற்றி மாட்டிக்கொள்ளும் வித்தை பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம், தோள்பட்டைக்கு அது வேண்டாம். எடைக்கட்டிகளைக் கையில் கொடுத்து வாங்கும்போது, எதிரே இருப்பவர் “பிடித்துவிட்டேன்” என்று சொன்ன பிறகே விட வேண்டும். கால்விரல் எலும்பு முறிவதற்கு 2 கிலோ ஈயம் போதும்.

சிலிண்டர் வெடிக்குமா? வெயிலில் நின்ற வாகனத்துக்குள் வைத்திருந்தேன், பயமாக இருக்கிறது.

வெயில் மட்டுமே ஒரு நல்ல சிலிண்டரை வெடிக்க வைக்காது. 20 டிகிரியில் 200 பாருக்கு நிரப்பிய சிலிண்டர் 60 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறத்தாழ 227 பார் ஆகும். சிலிண்டர்கள் இதைவிட மிக அதிகமான அழுத்தத்தில் சோதிக்கப்பட்டவை. ஆனால் உள்ளே துருப்பிடித்தது, தீயில் பட்டது, வண்ணம் பூசுவதற்காக உலையில் சூடாக்கப்பட்டது என்றால் அந்த உறுதி போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அலுமினியம் அதிக வெப்பத்தில் தன் வலுவை இழந்துவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

உண்மையான ஆபத்து பெரும்பாலும் நிரப்பும் நேரத்தில் இருக்கிறது. 6351 என்ற உலோகக் கலவையில் 1980களின் இறுதிவரை தயாரான அலுமினியச் சிலிண்டர்களில் கழுத்துத் திருகுப் பகுதியில் மெல்ல மெல்ல விரிசல் வளர்ந்து, நிரப்பும்போது பிளந்த நிகழ்வுகள் உண்டு. அதனால் அவற்றுக்கு விரிசலைக் கண்டறியும் சுழல் மின்னோட்டச் சோதனை தனியாகச் செய்யப்படுகிறது. பல நிலையங்கள் அவற்றை நிரப்பவே மறுக்கின்றன. மறுப்பவர்களோடு வாதிடாதீர்கள். அதேபோல, எம்25 திருகுள்ள வால்வும் முக்கால் அங்குலத் திருகுள்ள வால்வும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் சிலிண்டரில் மற்றொன்று சில சுற்றுகள் ஏறி நிற்கவும் செய்யும். அழுத்தம் ஏறியதும் பீரங்கிக் குண்டுபோல் பிய்த்துக்கொண்டு பறக்கும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வால்வைக் கழற்றுவதும் மாட்டுவதும், திருகு அளவுமானி வைத்திருக்கும் பயிற்சி பெற்றவரின் வேலை.

நீரழுத்தச் சோதனை பல நாடுகளில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயம். உட்புறத்தைப் பார்வையிடும் சோதனை சில இடங்களில் ஆண்டுக்கொருமுறை, சில இடங்களில் இரண்டரை ஆண்டுக்கொருமுறை. தோளில் குத்தப்பட்டிருக்கும் தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

வால்வைத் திறக்கும்போது பிரஷர் கேஜைப் பார்க்காதே என்கிறார்கள். பார்க்காமல் எப்படி அழுத்தம் தெரியும்?

திறந்த பிறகு பார்க்கலாம், திறந்துகொண்டே பார்க்கக் கூடாது. வால்வு திறக்கும் நொடியில் உயர் அழுத்தக் காற்று கேஜுக்குள் பாய்கிறது. உள்ளேயிருக்கும் வளைகுழாய் பழுதாகியிருந்தால் முகப்புக் கண்ணாடி தெறிக்கலாம். பின்புறம் அழுத்தத்தை வெளியேற்றும் அடைப்பான் இருப்பதால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முகத்திலிருந்தும் பிறரிடமிருந்தும் விலக்கி, தரையை நோக்கித் தொங்கவிட்டு, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். மெதுவாக என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது, ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸ் பற்றிய பதிலில் வருகிறது.

கழற்றும்போதும் இதே எச்சரிக்கை தேவை. வால்வை மூடி, மிச்சக் காற்றை வெளியேற்றும் பர்ஜ் பொத்தானை அழுத்தி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ட பிறகே முதல் நிலையைக் கழற்ற வேண்டும். திருகு கையால் அசைய மறுத்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். சுத்தியலைத் தேடக் கூடாது. தூசி மூடியை உலர்த்துவதற்காகச் சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறந்து காற்றடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்த ஓசை காதுக்குக் கெடுதி, அந்தக் காற்றில் பறக்கும் மணல் கண்ணுக்குக் கெடுதி. ஒரு துணி போதும்.

வால்வை முழுதும் திறந்துவிட்டுக் கால் சுற்று மூட வேண்டும் என்று கற்றேன். இப்போது வேண்டாம் என்கிறார்கள். எது சரி?

முழுதும் திறந்து அப்படியே விடுங்கள். பழைய வால்வுகள் திறந்த நிலையில் இறுகிக்கொள்ளும் என்பதால் வந்த பழக்கம் அது. அதில் உள்ள சிக்கல் என்னவென்றால், உதவி செய்ய வந்த வேறொருவர் திசையைக் குழப்பிக்கொண்டு, முழுதும் மூடிவிட்டுக் கால் சுற்று மட்டும் திறந்து வைத்துவிடுவார். மேற்பரப்பில் அந்த இடைவெளி போதும், கேஜும் 200 பார் காட்டும். 25 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்றரை மடங்கு காற்று தேவைப்படும்போது மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரில் இழுக்க இழுக்கக் காற்று வராது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இறங்குமுன் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சிழுப்பது. முள் ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. இருந்த இடத்திலேயே நின்றால் நலம். வேறு யாராவது உங்கள் வால்வைத் தொட்டால் இந்தச் சோதனையை மீண்டும் செய்யுங்கள், அவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும்.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் கண் இரத்தச் சிவப்பாக இருந்தது. பார்வை போய்விடுமா?

இது மாஸ்க் பிடிப்பு. இறங்கும்போது மாஸ்க்குக்குள் உள்ள காற்று சுருங்குகிறது. மூக்கு வழியாகச் சிறிது காற்றை விட்டு அதை ஈடுகட்டாவிட்டால் மாஸ்க் ஓர் உறிஞ்சு கோப்பையாக மாறி, கண்ணின் வெண்படலத்திலும் அதைச் சுற்றிய தோலிலும் உள்ள நுண்குழாய்களை உடைக்கிறது. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் வலியோ பார்வை மாற்றமோ இல்லையென்றால் பொதுவாக இரண்டு மூன்று வாரங்களில் தானே மறையும். வலி, மங்கல், இரட்டைப் பார்வை இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பட்டையை இறுக்கினால் தண்ணீர் புகாது என்பது தவறான எண்ணம். நீரழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு சேர்த்துப் பிடிக்கும். பட்டை அது நழுவாமல் இருப்பதற்கு மட்டும்தான். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியை அணிந்து ஆழத்துக்குப் போகக் கூடாது, ஏனெனில் அதற்குள் காற்றை விட வழியே இல்லை. கண்ணாடி உறுதியூட்டப்பட்ட வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும்.

காதில் தண்ணீர் போகாமல் அடைப்பான் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையில் மாட்டிக்கொண்ட காற்று சுருங்கும்போது, செவிப்பறை வெளிப்பக்கமாக இழுபடும், அடைப்பான் உள்ளே இழுபடும். மிக இறுக்கமான தலையுறை (ஹூட்) காதின் மீது ஒட்டிக்கொண்டாலும் இதே நிலைதான். நீரில் இறங்கியதும் விளிம்பை விரலால் தூக்கிச் சிறிது நீரை உள்ளே விட்டால் தீர்ந்துவிடும்.

வெட்சூட் எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம்?

நீர் உள்ளே புரளாத அளவுக்கு. கழுத்துப் பகுதி மிக இறுக்கமாக இருந்தால் கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அமுக்கப்பட்டு, இதயத்துடிப்பு குறைந்து, தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். கரையில் நிற்கும்போதே அப்படித் தோன்றினால் அந்த உடையோடு இறங்காதீர்கள். மார்பில் இறுக்கம் இருந்தால் மூச்சு மேலோட்டமாகி, கரியமில வாயு உடலில் தங்கி, காரணமே புரியாத பதற்றம் வரும். பதற்றத்துக்கு மனத்தைக் குறை சொல்வதற்கு முன் ஜிப்பைப் பாருங்கள்.

டிரைசூட்டில் காற்றைக் கூட்டாமல் இறங்கினால் துணி மடிப்புகள் தோலைக் கவ்வி, சாட்டையடி பட்டதுபோல் கன்றிய கோடுகளை விட்டுச் செல்லும். மேலே வரும்போது அந்தக் காற்று வெளியேற வழியிருக்க வேண்டும். கால்களின் பக்கம் காற்று போய்விட்டால் தலைகீழாக மேலே இழுத்துச் செல்லப்படுவீர்கள். டிரைசூட்டுக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஒவ்வொரு முறையும் தாடை வலிக்கிறது. மவுத்பீஸை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் மாற்ற வேண்டும், ஆனால் முதலில் ஹோஸைப் பாருங்கள். நீளம் போதாத ஹோஸ் ரெகுலேட்டரை ஒரு பக்கமாக இழுக்கிறது. அது வாயிலிருந்து நழுவாமல் இருக்கப் பல்லால் இறுகக் கடிக்கிறீர்கள். மவுத்பீஸை உதடுதான் அடைத்துப் பிடிக்க வேண்டும், பல் லேசாகத் தாங்கினால் போதும். வாயின் அளவுக்குச் சூடுபடுத்தி வார்க்கக்கூடிய மவுத்பீஸ்களும் உண்டு.

மவுத்பீஸைப் பிணைக்கும் பிளாஸ்டிக் பட்டியின் வெட்டுமுனை கத்திபோல் கூர்மையாக இருந்து உதட்டைக் கிழித்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதை ஒட்ட வெட்டி, பூட்டுத் தலை உதட்டில் படாத பக்கமாக இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். அந்தப் பட்டியே இல்லாமலோ தளர்ந்தோ இருந்தால் வாயருகே உள்ள இரண்டாம் நிலை கழன்று போய், வாயில் மவுத்பீஸ் மட்டும் மிஞ்சும். அடுத்த மூச்சில் காற்றுக்குப் பதில் நீர் வரும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள், இரண்டு நொடி வேலை.

எடை கூட இருந்தால் சீக்கிரம் இறங்கலாமே, அதில் என்ன தவறு?

எனக்குக் கருவிகளிலேயே அதிக வருத்தம் தருவது இந்த ஈயக்கட்டிகள்தான். தேவைக்கு மேல் 4 கிலோ வைத்தவர் அதை ஈடுகட்ட மிதவைச் சட்டையில் 4 லிட்டர் காற்றைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன கணக்கின்படி அந்தக் காற்று ஒவ்வொரு மீட்டருக்கும் சுருங்கி விரிவதால் அவர் முக்குளிப்பு முழுவதும் பொத்தான்களோடு போராடிக்கொண்டே இருப்பார். இடுப்பு தாழ்ந்து உடல் செங்குத்தாக நிற்பதால் முதுகு வலிக்கும், காற்றும் வேகமாகத் தீரும்.

சரியான அளவைக் கண்டறிய, முக்குளிப்பின் இறுதியில் 50 பார் மிஞ்சியிருக்கும்போது மேற்பரப்பில் மிதவைச் சட்டையைக் காலி செய்து, இயல்பான மூச்சை உள்ளே வைத்து அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். முழுச் சிலிண்டரோடு சோதித்தால் கூடுதலாக ஏறத்தாழ 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் 11 லிட்டர் சிலிண்டரில் 150 பார் காற்றின் எடை அவ்வளவு.

எடைப்பட்டை மற்ற எல்லாப் பட்டைகளுக்கும் மேலே, ஒரே கையால் அவிழும்படி இருக்க வேண்டும். கால்களுக்கிடையே செல்லும் கால்கவைப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்ட எடைப்பட்டை, தேவைப்படும் நேரத்தில் கீழே விழாது. இறந்த நிலையில் மீட்கப்பட்ட பலரின் உடலில் எடை அப்படியே இருந்திருக்கிறது. மேற்பரப்பில் தத்தளிக்கும்போது எடையைக் கைவிடத் தயங்கவே கூடாது.

பொத்தானை அழுத்தாமலே பி.சி.டி.யில் காற்று நிரம்பிக்கொண்டே போனால் என்ன செய்வது?

பி.சி.டி. எனப்படும் மிதவைச் சட்டையின் காற்றேற்றும் வால்வில் உப்புப் படிகமோ மணலோ மாட்டினால் அது திறந்தபடியே நின்றுவிடும். ஒரு கையால் காற்று வெளியேற்றும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குறைந்த அழுத்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள். இணைப்பின் வளையத்தைப் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும், ஆனால் கையுறையோடும் பதற்றத்தோடும் முதன்முறையாக அதைச் செய்ய முயல்வது வீண். கரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை செய்து பழகுங்கள்.

அதற்குள் மேலேறத் தொடங்கிவிட்டால், கை கால்களை விரித்து உடலைக் கிடைமட்டமாக்கி வேகத்தைக் குறையுங்கள். எந்த நிலையிலும் மூச்சை அடக்காதீர்கள். அடக்கிய மூச்சோடு வெறும் 1.2 மீட்டர் மேலேறினாலே நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழ்கள் இரத்தத்தில் கலக்க இடமுண்டு. இயல்பான ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர். முன்னறிவிப்பு பெரும்பாலும் உண்டு: கரையில் ஹோஸை இணைத்து ஐந்து நிமிடம் விட்டு வைத்தால், கசியும் வால்வு சட்டையைத் தானாகவே உப்பச் செய்திருக்கும். அப்படி உப்பியிருந்தால் அன்றைக்கு அதை அணியாதீர்கள்.

சட்டையின் உள்பையில் உள்ள காற்றை மூச்சுக்குப் பயன்படுத்தலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஈரமான அந்தப் பையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் நன்றாக வளரும். நன்னீரை உள்ளே விட்டுக் குலுக்கிக் கொட்டி உலர்த்துவது அந்தச் சட்டைக்கும் நுரையீரலுக்கும் சேர்த்துச் செய்யும் பராமரிப்பு.

ரெகுலேட்டரிலிருந்து காற்று நிற்காமல் கொட்டினால் நுரையீரல் வெடித்துவிடுமா?

வாயை இறுக மூடிக்கொள்ளாதவரை இல்லை. மவுத்பீஸை உதட்டின் ஓரத்தில் தளர்வாக வைத்து, மிகுதிக் காற்று வெளியே போகும்படி விட்டு, தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மேலே வர வேண்டும். சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும் என்பதால் உடன் இறங்கியவரின் மாற்று ரெகுலேட்டருக்கு உடனே மாறுவதே நல்லது.

விரியும் காற்று குளிரும். நீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதல் நிலையில் பனி உறைந்து வால்வு மூட மறுக்கும். குளிர்நீருக்கெனச் சோதிக்கப்பட்ட ரெகுலேட்டர் வேண்டும். நீருக்கு வெளியே அதில் மூச்சு விட்டுப் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். மூச்சிழுக்கும் அதே நேரத்தில் மிதவைச் சட்டையில் காற்றேற்றக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் கொட்டினால் பெரும்பாலும் மணல்தான் காரணம், அல்லது மவுத்பீஸ் மேல்நோக்கி இருந்ததுதான். கீழ்நோக்கித் திருப்பினாலே பல நேரம் நின்றுவிடும்.

சிலிண்டர் காற்றே நஞ்சாகிவிட வாய்ப்பு உண்டா?

உண்டு. நீங்கள் சரியாகச் செய்தும் உங்களைத் தாக்கக்கூடிய சிலவற்றில் இதுவும் ஒன்று. கம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் குழாய் எஞ்சின் புகைபோக்கிக்கு அருகில் இருந்தாலோ, அதிகமாகச் சூடாகி அதன் எண்ணெய் கருகினாலோ கார்பன் மோனாக்சைடு காற்றில் கலக்கிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு இரத்தச் சிவப்பணுவைப் பற்றிக்கொள்ளும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021 இதற்கு வைத்துள்ள வரம்பு பத்து லட்சத்தில் 5 பங்கு. மேற்பரப்பில் அற்பமாகத் தோன்றும் அளவு 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தத்தோடு உடலில் ஏறுகிறது. கையடக்க உணரிகள் கிடைக்கின்றன. எங்கு நிரப்பினாலும் சோதித்துவிடலாம். எண்ணெய் நாற்றமோ புகை நாற்றமோ வந்தால் அந்தக் காற்றை ஒரு மூச்சுகூட இழுக்காதீர்கள், ஆனால் நாற்றம் இல்லாததால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே இடத்தில் நிரப்பியவர்களில் இருவருக்கு மேல் தலைவலி வந்தால் அதைத் தற்செயல் என்று விடக் கூடாது.

எஃகுச் சிலிண்டரில் நீர் புகுந்து நெடுநாள் கிடந்தால் துரு ஆக்சிஜனை உண்டுவிடும். அந்தக் காற்றை மூச்சிழுப்பவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயங்கலாம். சிலிண்டரை முழுதும் காலி செய்யாமல் சிறிது அழுத்தத்தை விட்டு வைப்பது நீர் புகாமல் இருக்கத்தான்.

நைட்ராக்ஸ் பாதுகாப்பானது என்கிறார்கள். அதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

நைட்ரஜனைப் பொறுத்தவரை அது சாதகமானது. ஆக்சிஜனைப் பொறுத்தவரை அதற்கு ஆழ எல்லை உண்டு. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (கலவையின் மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பில், 32 விழுக்காட்டுக் கலவைக்கு எல்லை 33 மீட்டர், 36 விழுக்காட்டுக்கு 28 மீட்டர். மீறினால் முன்னறிவிப்பின்றி வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு என்றால் மவுத்பீஸ் வாயை விட்டுப் போகும், பிறகு மூழ்குவதுதான். ஆகவே கலவையை நீங்களே அளந்து, சிலிண்டரில் எழுதி ஒட்டி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முக்குளிப்புக் கம்ப்யூட்டரிலும் அதையே பதிய வேண்டும். வேறொருவர் அளந்த எண்ணில் கையெழுத்திடாதீர்கள்.

தீ இரண்டாவது ஆபத்து. வால்வைச் சட்டென்று திறந்தால் குழாயின் முனையில் வாயு அமுங்கிக் கடுமையாகச் சூடாகிறது. ஆக்சிஜன் மிகுந்த கலவையில் அங்கே ஒரு துளி எண்ணெய்ப் பசை இருந்தால் பற்றிக்கொள்ளும். கேஜைப் பற்றிய பதிலில் மெதுவாகத் திறக்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இதுதான். 40 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தும் கருவிகளை ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்திருக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. உங்கள் கருவியின் தயாரிப்பாளர் அதைவிடக் கடுமையான வரம்பு வைத்திருந்தால் அதுவே உங்களுக்கு வரம்பு. காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையத்தில் வீட்டிலிருக்கும் சிலிக்கான் பசையைத் தடவுவது இங்கே மிகத் தவறு.

கத்தி வாங்கிக்கொண்டேன். வேறு எதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது?

உங்கள் சொந்தத் தொங்கல்களில்தான். அவிழ்ந்து தொங்கும் கேஜ், பின்னால் இழுபடும் மாற்று ரெகுலேட்டர், ஃபின் பட்டையின் நீண்ட நுனி ஆகியவையே மீன்பிடி வலையையும் கயிற்றையும் முதலில் பிடிக்கின்றன. எல்லாவற்றையும் உடலோடு ஒட்டிக் கொக்கியிடுங்கள். கத்தியைவிடச் சிறிய கயிறு வெட்டியோ கத்தரிக்கோலோ பெரும்பாலும் பயன்படும், கையையும் வெட்டாது. இரு கைகளுக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மேற்பரப்புக் குறிமிதவையை ஏவும்போது நூற்சுருளை உடலில் கொக்கியிட்டு வைக்கக் கூடாது. சுருள் சிக்கினால் உப்பிய மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். சிக்கியதும் கையை விடுங்கள். சுருள் போனால் வேறு வாங்கலாம்.

டார்ச்சைத் திறந்தபோது படாரென்று தெறித்தது. ஏன்?

கசிந்து நீர் புகுந்த டார்ச்சில் பேட்டரி வினைபுரிந்து ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்களை உண்டாக்குகிறது. அடைத்த கூட்டில் அழுத்தம் சேர்கிறது. நீர் புகுந்ததாகச் சந்தேகம் இருந்தால் முகத்தையும் பிறரையும் விலக்கி, சிறிது சிறிதாகத் திருகி வாயுவை வெளியேற விடுங்கள். லித்தியம் பேட்டரிகளை ஆள் இல்லாமல், உறங்கும் நேரத்தில் சார்ஜ் செய்யக் கூடாது. 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு தீப்பற்றி, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தனர். தீ எதிலிருந்து தொடங்கியது என்பது உறுதிப்படவில்லை, எனினும் அதன் பிறகு பல படகுகளில் சார்ஜ் செய்யும் முறைகள் மாறின.

ஆண்டுதோறும் சர்வீஸ் செய்கிறேன். ஆனால் சர்வீஸ் முடிந்து வந்ததும்தான் கோளாறே வருகிறது, பேசாமல் விட்டுவிடலாமா?

உங்கள் கவனிப்பு சரி, முடிவு தவறு. ஒரு கருவியைப் பிரித்துப் பூட்டும்போது தவறு நேர வாய்ப்பு கூடுகிறது, அதைச் செய்பவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். வால்வை அடைக்கும் புதிய இருக்கைத் தகடு அமர்ந்து கொடுக்கும்போது, முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போகும் இடைநிலை அழுத்தம் சற்று மாறும். அதனால் சில நாளில் லேசாகக் கசியத் தொடங்கலாம். ஆகவே சர்வீஸ் ஆன கருவியை முதலில் ஆழமற்ற நீரில் ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள்.

இடைப்பட்ட காலத்தில் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. ஹோஸை இணைப்புக்கு அருகில் வளைத்து வெடிப்பைத் தேடுங்கள்; மவுத்பீஸில் கிழிசலைத் தேடுங்கள்; வால்வை மூடிய நிலையில் மவுத்பீஸில் மூச்சிழுத்து, காற்றோ நீரோ உள்ளே வருகிறதா என்று பாருங்கள். வடிகட்டியில் பச்சையோ செந்நிறமோ தெரிந்தால் கருவியைப் பயன்படுத்தாமல் கொண்டுவாருங்கள். வாடகைக்கு எடுத்த கருவிக்கும் இதே சோதனைதான், இன்னும் சற்றுக் கூடுதல் ஐயத்தோடு.

ரீபிரீதரில் கருவியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே, அது பாதுகாப்பு கூடியது அல்லவா?

சாதாரண ஸ்கூபாவில் கோளாறு வந்தால் சத்தமோ குமிழோ வரும். மூச்சுக்காற்றைச் சுழற்சியில் மறுபடி பயன்படுத்தும் ரீபிரீதரில் ஆக்சிஜன் குறைந்தாலும் கூடினாலும் கரியமில வாயு சேர்ந்தாலும் மூச்சு அதே போலத்தான் வரும். உணரிகள் முதுமையடைந்தால் குறைவான எண்ணைக் காட்டி, கருவியைக் கூடுதல் ஆக்சிஜன் சேர்க்க வைக்கலாம். கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணச் சேர்மத்தில் நீர் புகுந்தால் காரமான திரவம் வாய்க்கு வந்து தொண்டையைச் சுடும். இறங்குமுன் 5 நிமிடம் அதில் மூச்சு விட்டுப் பார்ப்பது, உறிஞ்சும் கலன் இல்லாததைக்கூட எல்லோருக்கும் உணர்த்திவிடும் என்று நம்ப முடியாது. எழுதிய சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படித்து முடிக்காமல் இறங்குபவரோடு நான் இறங்குவதில்லை.

விபத்து நடந்துவிட்டது. கருவியைக் கழுவி வைத்துவிடலாமா?

முதலில் ஆள், பிறகுதான் கருவி. உடலில் கரைந்த வாயு குமிழாகும் அழுத்த நோயோ நுரையீரல் காயமோ சந்தேகம் இருந்தால் படுக்க வைத்து, நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்து, அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். அறிகுறி குறைந்துவிட்டது என்பதற்காக நிறுத்தாதீர்கள்.

கருவியைக் கழுவவோ பிரிக்கவோ கூடாது. கழுவினால் வால்வில் மாட்டிய மணல்மணி போய்விடும். பிரித்தால் எது எங்கே எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது என்பது போய்விடும். இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். கேஜ் காட்டும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் பொத்தான்களைத் தொடாதீர்கள். சிலிண்டர் வால்வை மூட வேண்டியிருந்தால் எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதி வையுங்கள். அது முழுதும் திறந்திருந்ததா, வால்வு பற்றிய பதிலில் சொன்ன கால் சுற்றில் நின்றிருந்ததா என்பதைப் பின்னால் சொல்லக்கூடியது அந்த எண்ணிக்கை ஒன்றுதான்.